சிவப்பு அம்பு ஒட்டும் செக்கிங் மாஸ்டர்

பொய் எந்த இடத்தில் தையல் விட்டிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய மனிதர் திருப்பூர் வட்டாரத்திலேயே ஒருவர்தான். அவர் பெயர் எனக்குத் தெரியாது. பனியன் கம்பெனியில் தைத்து வரும் துணிகளைச் சோதிப்பவர் என்பதால் செக்கிங் மாஸ்டர் என்போம். குடியை விட்டவர்களும் விட முயல்பவர்களும் ஞாயிறுதோறும் காலையில் கூடும் கூட்டத்தில்தான் எனக்கு அறிமுகமானார்.

நான் அங்கே விரும்பிப் போகவில்லை. "இன்னொரு பாட்டில் இந்த ஊட்டுக்குள்ள வந்தா நான் மக ஊட்டுக்குப் போயிருவேனுங்க. அப்புறம் திரும்பி வரமாட்டேன்" என்றாள் என் மனைவி. குரலை உயர்த்தாமல் சொன்னாள். அதனால்தான் பயந்தேன்.

முப்பத்தைந்து ஆண்டுகள் வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவன் நான். எந்த மனுவுக்கு எத்தனை இணைப்பு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். குடியை நிறுத்த எங்கே விண்ணப்பிப்பது என்று மட்டும் தெரியவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரிலிருந்த நோட்டீஸைப் பார்த்து விசாரித்தேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே ஒரு கூட்டம் நடந்தது. தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்? இரண்டு பஸ் மாறி, நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நடக்கும் கூட்டத்துக்குப் போனேன். கையில் ஒரு பழைய ஃபைல். யாராவது கேட்டால் பட்டா மாறுதல் விஷயம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கூட்டம் நடக்கும் சின்னப் பள்ளிக்கூட வாசலை நான் மூன்றாவது முறையாகக் கடந்தபோது, காதில் பென்சில் செருகிய குள்ளமான மனிதர் எட்டிப் பார்த்து என்ன விஷயம் என்றார். அவர்தான் செக்கிங் மாஸ்டர். பட்டா மாறுதல் என்றேன்.

"உள்ள வாங்க சார். பட்டா மாறுதலுக்கு வந்தவங்கெல்லாம் அங்கதானுங்க உக்காந்திருக்கறாங்க."

ஒன்றாம் வகுப்புப் பெஞ்சுகளில், முழங்கால் மோவாயை இடிக்க, பதினொரு ஆண்கள். வருகைப் பதிவேடு எங்கே என்று கேட்டேன். கிடையாது. சேர்க்கைப் படிவம்? அதுவும் கிடையாது. கலந்துகொண்டதற்குச் சான்றிதழாவது? மனைவியிடம் காட்டவேண்டுமே.

"அம்மா உங்க வாய மோந்து பாத்தாப் போதுமுங்களே" என்றார் மாஸ்டர்.

என் முறை வந்ததும் கால் மணி நேரம் பேசினேன். பணிச்சுமை காரணமாக மேற்படி பழக்கம் எப்போதாவது ஏற்பட்டதென்றும், நிலைமை கட்டுக்குள் இருப்பதாகவும் தெரிவித்தேன். மாஸ்டர் எழுந்து வந்தார். துணியில் பழுது இருக்கும் இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை என் சட்டைப் பையின்மேல் ஒட்டினார்.

"இங்க தையல் பிரிஞ்சிருக்குதுங்க சார். 'எப்பவாவது'ன்னீங்கல்ல, அந்த எடம்."

"அப்ப நான் ரிஜெக்ட்டுங்களா?"

"இங்க ரிஜெக்ட்டே கெடையாதுங்க. ஆல்ட்டர்தான். பிரிச்சுத் தச்சுட்டு அடுத்த வாரம் வாங்க."

அவர் யாரையும் விட்டதில்லை. சாயப்பட்டறைக்காரர் ஒருவர், மாமியாரால்தான் குடித்தேன் என்றதற்கு ஓர் அம்பு வாங்கினார். இனிமேல் தனக்குப் பயமே இல்லை என்று அவர் மார்தட்டியபோது மூன்று அம்புகள். ஒரு ஞாயிறு மாஸ்டர் தன் காலரிலேயே ஒன்றை ஒட்டிக்கொண்டு வந்து, கம்பெனியில் ஒருவரை அநியாயமாகத் திட்டிவிட்டேன் என்றார்.

நானும் ஏழு மாதம் தாக்குப்பிடித்தேன். அப்போது மகளின் பிரசவத்துக்காக மனைவி பத்து நாள் ஊருக்குப் போனாள். இரண்டாம் நாள் தயிர் வாங்கக் கிளம்பினேன். தயிர்க்கடை இடப்பக்கம். என் கால்கள் வலப்பக்கம் போய், பூட்டியிருந்த மதுக்கடை முன்னால் நின்றன. பன்னிரண்டு மணிக்குத் திறப்பார்கள். இருபது நிமிடம் இருந்தது. மனைவி ஒரேயடியாகப் பெட்டியோடு படியிறங்குவது மனக்கண்ணில் தெரிந்தது. அப்படியும் கால் நகரவில்லை. மாஸ்டருக்குப் போன் செய்தேன்.

"கடைக்கு முதுகக் காட்டி நில்லுங்க. வந்தர்றேன்."

அவர் கம்பெனியிலிருந்து பத்து நிமிடத்தில் வரலாம். பன்னிரண்டு அடித்தது. முதுகுக்குப் பின்னால் ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. ஏலச் சீட்டுக்கு முந்துவதுபோல் ஆட்கள் முந்தினார்கள். நான் எதிர்ச்சுவரிலிருந்த விளம்பரத்தை நாற்பது தடவை படித்தேன். என்ன விளம்பரம் என்று இன்றுவரை தெரியாது.

பன்னிரண்டே காலுக்கு மொபெட்டில் வந்து சேர்ந்தார், வரவேண்டிய திசைக்கு எதிர்த் திசையிலிருந்து. முகம் வெளிறி, சட்டை நனைந்திருந்தது. ஏன் இவ்வளவு நேரம் என்று எரிந்து விழுந்தேன்.

"நேர் ரோட்டுல ரெண்டு கடை இருக்குதுங்க. சுத்தி வந்தேன்."

"உங்களுக்குத்தான் விட்டுப் பன்னெண்டு வருசம் ஆச்சுங்களே?"

"பன்னெண்டு வருசமா சுத்தித்தானுங்க போறேன்."

பிறகுதான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு வருடமாக எந்த மதுக்கடை வாசலையும் மிதிக்காத மனிதர், இப்போது திறந்த கடைக்குப் பத்தடி தூரத்தில் நிற்கிறார். அதன் பக்கம் பார்க்காமலிருக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், வண்டிய நீங்க ஓட்டறீங்களா? எனக்குக் கை நடுங்குது."

சாவியை வாங்கிக்கொண்டேன். ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்து என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. நானும் இறங்கவில்லை.