பாயா, மோட்டாரா, நடுவுல ஒரு வாழைக்குலை

ஞாயித்துக்கிழமை காலைல எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஆத்துக்கு அக்கரைல இருக்கிற எங்க விளைல, அதான் தோட்டத்துல, ஒரு செந்துளுவன் வாழைக்குலைய வெட்டி, இக்கரைல இருக்கிற சர்ச்சுக்குக் கொண்டு வரணும்.

பாலம் இருக்கு. ஆட்டோ இருக்கு. வீட்டுல பைக்கும் இருக்கு. ஆனா நான் வள்ளத்துல போனேன்.

அது சும்மா குலை இல்ல. எங்க மக வெளிநாட்டு நர்ஸ் வேலைக்குப் பரீட்சை எழுதினப்போ என் மனைவி ஸ்டெல்லா நேர்ந்துக்கிட்ட குலை. மக பாஸாகி, வேலைக்கும் போய்ச் சேர்ந்துட்டா. அறுப்பின் பண்டிகைக்குக் குலையக் கொண்டு போய் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

எங்க பக்கத்து சர்ச்சுகள்ல அந்தப் பண்டிகைக்கு ஆளாளுக்கு வீட்டுல விளைஞ்சதக் கொண்டு வந்து படைப்பாங்க. தேங்கா, பலாச்சக்கை, மரச்சீனிக் கிழங்கு, சேவல்னு எல்லாம் வரும். ஆராதனை முடிஞ்சதும் ஏலம். அது முடியுறதுக்குள்ள குலை வந்து சேரலேன்னா நேர்ந்த பொருத்தனை அடுத்த வருஷத்துக்குப் போகும். அதுவரைக்கும் ஸ்டெல்லா முகத்தப் பார்த்துக்கிட்டு ஒரே வீட்டுல இருக்கப் போறது நான்.

போதாக்குறைக்கு, போன வருஷம் நாங்க கொண்டு போன குலைய என் பெரியப்பா மகன் செல்லத்துரை அண்ணன் சபைக்கு முன்னாடி ஒத்தக் கையால தூக்கிப் பார்த்து, இது குலையா சீப்பான்னு கேட்டுட்டாரு. ஸ்டெல்லா அத மறக்கல. இந்த வருஷக் குலை வளர்ந்ததுல பாதி உரம், பாதி கோபம்.

இனி வள்ளத்துக்கு வர்றேன்.

நான் வளைகுடால ஏசி மெக்கானிக்கா இருந்துட்டு ஊர் திரும்பினவன். அங்க என் கூட ஒரே ரூம்ல கிடந்தவன் சவரியான். கடப்புறத்துக்காரன், ஆறு கடல்ல சேர்ற பொழிமுகத்துல வீடு. இப்போ அவன் பெரிய போட் வாங்கிட்டான். பழைய வள்ளத்த எனக்குத் தர்றதாப் பேச்சு. அதுல பாயும் உண்டு, மோட்டாரும் உண்டு. ஆனா ரெண்டுல ஒண்ணுதான் எனக்கு. மத்தது அவன் தம்பிக்கு.

எனக்குப் பாய்தான் வேணும். வாழ்க்கைல பாதிய கம்ப்ரஸர் சத்தத்துல கழிச்சவன் நான். வயசான காலத்துல சத்தமே இல்லாம ஆத்துல போகணும். காத்து தள்ளணும், நான் சாய்ஞ்சு உக்காந்திருக்கணும். வேற ஒரு ஆசையும் இல்ல.

ஸ்டெல்லாவுக்கு மோட்டார்தான் வேணும். "காத்து நம்ம பேச்சக் கேக்குமா? பேச்சக் கேக்காத ஒரு ஆளு வீட்டுல இருக்கது போதும்"னு சொன்னா.

சனிக்கிழமை சாயங்காலம் சவரியான் வள்ளத்த எங்க படித்துறைல கொண்டு வந்து கட்டினான். திங்கக்கிழமை வந்து ஓட்டச் சொல்லித் தர்றேன், அதுக்கு முன்ன தொடாதேன்னான். அதுலயும் ஞாயித்துக்கிழமை தொடவே தொடாதேன்னு ரெண்டாம் தடவையும் சொன்னான். அவங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை ஒரு வள்ளமும் எறங்காது. பூசைக்குப் போவாங்க, வலை பின்னுவாங்க, தூங்குவாங்க.

நான் அத அவங்க சபை விஷயம்னு எடுத்துக்கிட்டேன். நமக்கு வேற சபை. போதாததுக்கு இது கடல் இல்ல, ஆறு.

அதனால ஸ்டெல்லாவும் நானும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். குலை எடுக்க வள்ளத்துலயே போவோம். போகும்போது பாய், வரும்போது மோட்டார். எது ஜெயிக்குதோ அத வச்சுக்குவோம்.

ஆராதனைக்கு முன்னாடியே திரும்பிடலாம்னு விடிஞ்சதும் கிளம்பினோம். ஸ்டெல்லா பண்டிகைக்கு எடுத்த பட்டுச்சேலைலயே ஏறி உக்காந்தா. நான் பாய விரிச்சேன். கரைக்காத்து வந்து அதுல நிறைஞ்சுது. சத்தமே இல்லாம வள்ளம் நகர்ந்துச்சு. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

ஆனா ஒரு சின்ன விஷயம். கரைக்காத்து கடலப் பார்த்துத்தான் அடிக்கும். எங்க விளை நேர் எதிர்ல. நான் நேர் எதிர்ல போகப் பார்க்கிறேன், வள்ளம் கடலுக்குப் போகப் பார்க்குது. கடைசில ரெண்டு பேருக்கும் பொதுவா, கீழ பாலத்துக்குப் பக்கத்துல கரை சேர்ந்தோம். அந்தக் கரைல பூசைக்குப் போய்க்கிட்டிருந்த கடப்புறத்து ஆளுங்க அப்படியே நின்னு எங்களப் பார்த்தாங்க. நான் கைய அசைச்சேன். யாரும் பதிலுக்கு அசைக்கல.

அங்கிருந்து விளைக்கு மேல நடக்கணும். பட்டுச்சேலைய ஒரு கைல பிடிச்சுக்கிட்டு ஸ்டெல்லா முன்னாடி நடந்தா. குலைய வெட்டினோம். சும்மா சொல்லக்கூடாது, அருமையான குலை. அதத் தோள்ல சுமந்துக்கிட்டு, நாலு இடத்துல இறக்கி வச்சு மூச்சு வாங்கி, வள்ளத்துக்குத் திரும்பி வந்தப்போ சர்ச்சுல ஆராதனை தொடங்கி முக்கால்வாசி முடிஞ்சாச்சு.

இனி மோட்டார் முறை.

நான் மெக்கானிக் இல்லியா? கயித்த ஒரு இழு இழுத்தேன். உடனே ஸ்டார்ட். ஸ்டெல்லா முகத்துல அன்னைக்கு முதல் சிரிப்பு. நடு ஆத்துக்கு வந்தோம். மோட்டார் ரெண்டு தடவை இருமிச்சு, நின்னுச்சு.

மறுபடி இழுத்தேன். இழுத்த வேகத்துல சட்டைப் பையில இருந்த என் போன் ஆத்துல போச்சு. மோட்டார் மட்டும் அசையல.

எண்ணெய் இருக்கான்னு பாத்தீங்களான்னு ஸ்டெல்லா மெதுவாக் கேட்டா.

ஏசி ஓடலேன்னு எவன் கூப்பிட்டாலும், கரண்ட் இருக்கான்னு பாத்தியான்னுதான் நான் முதல்ல கேட்பேன். அதுல எனக்கொரு பெருமையும் உண்டு. இப்போ குனிஞ்சு பார்த்தா மோட்டார்ல இருந்து ஒரு குழாய் வருது. அது எங்கயும் போகல. வள்ளத்துக்குள்ளயே தொங்குது. அதுல மிச்சமிருந்த எண்ணெய்லதான் இவ்வளவு தூரம் வந்திருக்கோம்.

அப்போதான் ஞாபகம் வந்துச்சு. மறுநாள் வேலை இல்லாததால சனிக்கிழமை கரையேறும்போது எண்ணெய்க் கேனையும் துடுப்பையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது அவங்க வழக்கம். சவரியானும் எடுத்துட்டுத்தான் போனான். அந்தக் கேன பஸ் ஸ்டாப் வரைக்கும் தூக்கிட்டுப் போய் அவன வழியனுப்பினதே நான்தான்.

சரி, பாய விரிப்போம்னு விரிச்சேன். காத்து நின்னுபோச்சு. கரைக்காத்து ஓய்ஞ்சு கடல்காத்து இன்னும் எழும்பாத நேரம் அது. காலைலயும் சாயங்காலமும் மட்டும் ஆத்தப் பார்த்திருக்கிற எனக்கு இப்படி ஒரு இடைவேளை உண்டுன்னே தெரியாது. பாய் சும்மா தொங்குது, குழாய் சும்மா தொங்குது, ஆறு மட்டும் அதுபாட்டுக்கு எங்களக் கடலுக்கு இழுத்துக்கிட்டுப் போகுது.

அப்போ பயந்தேன். உண்மையாவே பயந்தேன். பாலத்தத் தாண்டினா பொழி, பொழியத் தாண்டினா கடல். ஸ்டெல்லாவுக்கு நீச்சல் தெரியாது. எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

நான் ஜெபம் பண்ணலாமான்னு யோசிக்கிறதுக்குள்ள, ஸ்டெல்லா சேலைய இழுத்துச் சொருகிட்டு, முன்னாடி கிடந்த நங்கூரத்தத் தூக்கித் தண்ணில போட்டுட்டா. வள்ளம் ஒரு குலுங்கு குலுங்கி, பாலத்துத் தூணுக்குப் பக்கத்துல நின்னுச்சு. அந்த வள்ளத்துல ஒழுங்கா வேலை செஞ்சது அது ஒண்ணுதான்.

தலைக்கு மேல பாலம். அதுல ஆட்டோ போகுது, பைக் போகுது, ஐஸ் வண்டிகூடப் போகுது. நான் கத்தினேன். ஒரு ஆட்டோக்காரர் நிறுத்திட்டு எட்டிப் பார்த்தாரு. நெத்தில நாமம் போட்ட நல்ல மனுஷன். என்ன வேணும்னு கேட்டாரு.

எங்களக் காப்பாத்துங்கன்னு சொல்ல நான் வாயத் திறந்தேன். ஸ்டெல்லா முந்திக்கிட்டா. "அண்ணே, இந்தக் குலைய சர்ச்சுல கொண்டு குடுத்திருவியளா? ஏலம் தொடங்கப் போவுது."

அவர் ஆட்டோ கட்டி இழுக்கிற கயித்த இறக்கினாரு. ஸ்டெல்லாவே குலையக் கட்டினா. அது ஊசலாடி ஒருதடவை ஆத்துல முங்கி எழும்பி, தண்ணி சொட்டச் சொட்ட மேல போச்சு. நீங்க எப்படி வருவீங்கன்னு அவர் கேட்டாரு. நாங்க வந்துக்கிடுவோம், குலை பத்திரம்னு ஸ்டெல்லா சொன்னா. ஆட்டோ போயிடுச்சு.

இப்போ கைல மிச்சம் ஸ்டெல்லா போன் மட்டும். எங்க சர்ச்சு ஆராதனையும் ஏலமும் நேரலைல வரும், வெளிநாட்டுல இருக்கிறவங்களும் ஏலம் கேட்கணும் இல்லியா? குலை போய்ச் சேர்ந்துச்சான்னு பார்க்க ஸ்டெல்லா அதத் திறந்தா. நான் சொந்தக்காரங்க யாரையாவது கூப்பிடச் சொன்னேன். பேசாம இருங்கன்னா.

ஏலம் பாதில நின்னிருந்துச்சு. போதகர் மைக்கப் பிடிச்சுக்கிட்டு, நம்ம சபையார் இரண்டு பேர ஆத்துல காணல, கடப்புறத்துல இருந்து போன் வந்திருக்கு, எல்லாரும் எழும்பி ஜெபிப்போம்னு சொல்றாரு.

எனக்கு ஒண்ணும் புரியல. சவரியான் பின்னால சொன்னதுதான் விஷயம். அவங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை தண்ணில ஒரு வள்ளம் தெரிஞ்சா அதுக்கு ஒரே அர்த்தம்தான். யாரையோ காணோம், தேடப் போறாங்க. காலைல என் பாயப் பார்த்த சனம், பூசை முடியுற வரைக்கும் யாரக் காணோம்னு விசாரிச்சிருக்கு. சவரியானுக்கு அது தன் வள்ளம்னு தெரிஞ்சுது. எண்ணெயும் துடுப்பும் தன் வீட்டுல இருக்குன்னும் தெரியும். என் போனுக்கு அடிச்சிருக்கான். அது ஆத்துக்கடியில கிடக்கு. ஸ்டெல்லா நம்பர் அவன்கிட்ட இல்லாததால உடனே எங்க சர்ச்சுக்கு அடிச்சுட்டான்.

சபை கண்ண மூடி ஜெபிச்சுக்கிட்டிருக்கும்போது பின்வாசல்ல நம்ம ஆட்டோக்காரர் வர்றாரு. ஈரக் குலைய பலிபீடத்துக்கு முன்னாடி இறக்கி வச்சுட்டு, சவாரி நிக்குதுன்னு ஓடிட்டாரு. சபை கண்ணத் திறந்துச்சு. குலை வந்திருக்கு. தண்ணி சொட்டுது. ஆளக் காணோம்.

சர்ச்சே அழுதுச்சு.

நான் போனப் பிடுங்கப் போனேன். நாங்க உசுரோட இருக்கோம்னு சொல்லணும் இல்லியா? ஸ்டெல்லா விடல. மகளுக்கு மட்டும், நாங்க பத்திரமா இருக்கோம், நீ பேசாம இருன்னு ஒரு செய்தி அனுப்பினா. அப்புறம் என்னப் பார்த்து, "குலைய இப்பம் ஏலம் விடப் போறாவ. முடியட்டும்"னா.

அது தப்பில்லியான்னு கேட்டேன். நாம சாகலேன்னு கர்த்தருக்குத் தெரியும், பொருத்தனை அவருக்குத்தானேன்னா.

ஏலம் மறுபடி தொடங்கிச்சு. வளைகுடால இருந்து கேக்காங்க, சென்னைல இருந்து கேக்காங்க. அப்போ செல்லத்துரை அண்ணன் எழும்பினாரு. இது குலையா சீப்பான்னு கேட்ட அதே அண்ணன். தோள்ல கிடந்த துண்டால முகத்தத் துடைச்சுக்கிட்டு, "இது எனக்க தம்பி வச்ச குலையாக்கும். வேற ஒருத்தனுக்கும் விட்டுக் குடுக்கமாட்டேன்"னாரு. எவன் ஏத்தினாலும் அதுக்கு மேல ஏத்தினாரு. நான் வள்ளத்துல உக்காந்து அழுதேன். ஸ்டெல்லாவும் கண்ணத் துடைச்சா, ஆனா திரைல இருந்து பார்வைய எடுக்கல.

குலை அவருக்கே முடிஞ்சுது. அந்த வருஷத்துலயே பெரிய ஏலம் அதுதான். இனி சொல்லுங்கன்னு ஸ்டெல்லா போன என் கைல தந்தா.

சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. பொழிப் பக்கமிருந்து மோட்டார் சத்தம். தலையத் தூக்கிப் பார்த்தா வரிசையா வள்ளம் வருது. ஞாயித்துக்கிழமை எறங்காத ஊரு மொத்தமும் எங்களுக்காக எறங்கியிருக்கு. முன்னாடி வள்ளத்துல சவரியான், பூசைக்குப் போட்ட வெள்ளச் சட்டை மாறாம நிக்கான்.

நங்கூரம் போட்டு, பட்டுச்சேலைல, போன் பார்த்துக்கிட்டிருந்த ரெண்டு பேர அவன் மேலயும் கீழயும் பார்த்தான்.

"எடேய், சாவாம இருக்கியே, அது போதும். ஆனா கரைக்கு வா, ஒன்னய நானே கொல்லுதேன்."

எங்களக் கட்டி இழுத்துக்கிட்டுப் போனாங்க. சர்ச்சுக்குள்ள போனோம். இவ்வளவு சீக்கிரம் ஜெபம் கேட்கப்பட்டது என் ஊழியத்துல இதுதான் முதல் தடவைன்னு போதகர் மைக்லயே சொன்னாரு. செல்லத்துரை அண்ணன் என்னயும் குலையயும் மாறி மாறிப் பார்த்தாரு. ஏலம் கேட்டது கேட்டதுதான், சபைக்கு முன்னாடி அழுததும் அழுததுதான். கடைசில குலையத் தூக்கிப் பார்த்தாரு. ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சு. "கொள்ளாம், நல்ல கனம்"னாரு. ஸ்டெல்லா அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வருஷம் பூராவும் தண்ணி விட்டிருக்கா.

திங்கக்கிழமை சொன்னபடி சவரியான் வந்தான். சாயா குடிச்சான். என்ன முடிவு பண்ணினே, பாயா மோட்டாரான்னு கேட்டான். நான் தொண்டையச் செருமினேன்.

"ரெண்டையும் ஒங்க தம்பிக்கே குடுங்க. இவருக்கு நங்கூரம் மட்டும் போதும்"னா ஸ்டெல்லா.

வள்ளம் இப்போ நங்கூரம் போட்டு எங்க படித்துறைல நிக்குது. சாயங்காலமானா நான் அதுல போய் சாய்ஞ்சு உக்காந்திருப்பேன். சத்தமே இல்ல, ஆசப்பட்ட மாதிரியே இருக்கு. இதுவரைக்கும் ஒரு தடவைகூட வழி தவறல.