கதையில் என்னைச் சாகடிக்கும் விஷயமாக

மரியாதைக்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, சலவைக் கூடத்தில் இஸ்திரி மேசையில் நிற்பவள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். இந்தக் கடிதத்தில் முக்கியமான சேதியே அதுதான்.

அதே கூடத்தில் துணி மடிக்கிற என் பேத்தி, சாப்பாட்டு இடைவேளையில் பழைய ரசீதுகளின் பின்பக்கத்தில் எழுதித் தங்களுக்கு அனுப்பிய கதையில் வரும் பாட்டி நான்தான். கதை பிரமாதம், ஆனால் பாட்டி கடைசியில் ரத்தம் ரத்தமாக இருமிச் செத்தால்தான் உழைக்கிறவர்களின் வேதனை வாசகருக்குப் புரியும், வெள்ளிக்கிழமைக்குள் மாற்றித் தந்தால் அச்சில் வரும் என்று பதில் போட்டிருக்கிறீர்கள். ஐயா, நான் ஐந்தாம் வகுப்புதான், இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு இருமலே கிடையாது. முழங்கால் வலி உண்டு, ஆனால் அதில் யாரும் செத்ததாகக் கேள்விப்படவில்லை. கூடத்தில் சேதி பரவி ஆளாளுக்கு யோசனை. சாயம் போடுகிறவர், "கொதிக்கிற தொட்டியில விழுந்துடட்டுமே" என்றார். எதிர் மேசைக்காரி, "இவ விழுந்தா தொட்டிக்குத்தான் சேதம்" என்றாள். வீட்டுக்கு வந்தால் பஸ் ஓட்டுகிற மருமகன், "கதையிலதானே அத்தை, ஒரு தடவை செத்துக் காட்டுங்களேன்" என்கிறார். என் மகள் ஒரு பார்வை பார்த்தாள், அன்றைக்கு அவர் தட்டை அவரே கழுவினார். பேத்திதான் மூன்று நாளாகப் பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறாள். "எழுதித் தொலையேன்டி" என்றேன். "நீ பக்கத்துல உக்காந்து பல்லு குத்திக்கிட்டிருக்கே பாட்டி, நான் எப்படி எழுதறது" என்றாள். எங்கள் தெருவில் இதுவரை அச்சில் பேர் வந்தது ஒருவருக்குத்தான், அதுவும் 'காணவில்லை' விளம்பரத்தில். இவள் பேர் வந்தே ஆகவேண்டும். எங்களுக்கு வேதனை இல்லையென்று சொல்லவில்லை, அதற்கு நடுவிலும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறோம், பிள்ளை அதைத்தான் எழுதியிருக்கிறது. பாட்டியை உயிரோடு போடுங்கள்.

தங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடியில்லாமல், யார் கதையிலும் சாகாமல், நெடுநாள் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இஸ்திரி மேசைப் பாட்டி

பி.கு.: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். நாளைக்கு வெள்ளிக்கிழமை. கதையே வேண்டாம், திருப்பி அனுப்புங்கள் என்று பேத்தி உங்களுக்கு எழுதி வைத்திருந்தாள், அதை எடுத்து ஒளித்துவிட்டேன். சாகச் சம்மதம். அவளால் ஆகாது என்பதால் என் சாவை நானே எழுதி மருமகன் கையில் கொடுத்தனுப்புகிறேன். இருமல் இல்லை. இருபது வருஷமாக மேற்பார்வையாளரிடம் சொல்ல நினைத்ததை எல்லாம் சொல்லிவிட்டுச் சாகிறேன், அதனால் பதினொரு பக்கம் ஆகிவிட்டது. சாவு கடைசி வரியில்தான் வருகிறது. இடம் போதாவிட்டால் அந்த வரியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள்.