மகுடவர்மனின் தலைக்கனம்

கபாலபுரி மன்னர் மகுடவர்மனுக்கு விடிந்தால் தலைவலி, எழுந்தால் வாந்தி. அதோடு நின்றிருந்தால் நாடு பிழைத்திருக்கும். ஒருநாள் அவருக்கு எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கியது.

மந்திரி நாவுக்கினியர் அசரவில்லை. "மன்னர் ஒரு நெல் மூட்டையைப் பார்த்தால் இரண்டு தெரிகிறது. மன்னர் பார்வை பொய்க்குமா? ஆகவே விளைச்சல் இரட்டிப்பு!" என்றார். சபை கைதட்டியது. கைதட்டியவர்களும் மன்னருக்கு இரட்டிப்பாகத் தெரிந்தார்கள்.

இனி அரைப்படி அரிசியே ஒருபடி என்று ஆணை வந்தது. முணுமுணுத்தவர்களுக்குக் கண்நோய் என்று சொல்லிச் சிறையில் போட்டார்கள். தேர்தலும் வந்தது. மன்னர் ஒருவரே நின்றார். நிலைக்கண்ணாடியில் தன்னைப் பார்த்தார், இருவர் தெரிந்தார்கள். "கடும் போட்டி" என்று பறையறைந்தார்கள். அப்படியும் மன்னரே ஜெயித்தார், சும்மா சொல்லக்கூடாது.

அரண்மனை வைத்தியர் குமுதவல்லிக்கு வயிறு எரிந்தது. அவளுடைய வைத்தியசாலையில் பிள்ளை பெற்றவர்களுக்கு அரைவயிற்றுக் கஞ்சிதான். பாலில்லாமல் குழந்தைகள் வீறிட்டன. மன்னரின் கண்ணுக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சபையிலேயே சொன்னாள்:

"மன்னா, மண்டைக்குள்ள நீர் கட்டியிருக்கு. எலும்பு விரியாது, நீருக்கும் வழியில்ல. மூளையையும் கண் நரம்பையும் போட்டு அமுக்குது. சின்னதா துளை போட்டு வடிச்சாகணும். விட்டா பார்வை போயிடும், அப்புறம் உயிரும்."

"நோயின் பெயர்?" என்றார் மந்திரி.

"எங்க வைத்தியத்துல தலைக்கனம்னு சொல்லுவோம்."

அடேயப்பா! மன்னரைப் பார்த்துத் தலைக்கனம் என்பதா! சபை வெலவெலத்துப் போயிற்று. "'அறிவுப் பெருக்கு' என்று மாற்றிச் சொல்லம்மா, விழா எடுத்துவிடலாம்" என்று மந்திரி கெஞ்சாத குறை.

"பேரை மாத்தினா நீர் வடியுமா? தலைக்கனம்தான்."

அவளைச் சிறையில் தள்ளிவிட்டு, அறிவுப் பெருக்கு விழாவில் மன்னருக்கு இன்னும் கனமான மகுடத்தைச் சூட்டினார்கள். விழா முடிவதற்குள் பார்வை சுத்தமாகப் போய்விட்டது.

நாவுக்கினியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மன்னர் கண்ணில் ஒரு பட்டினிகூடப் படவில்லை. ஆகவே நாட்டில் பட்டினி இல்லை. களஞ்சியத்தைப் பூட்டுங்கள்!"

"தலைக்கனம்!" என்று சிறைக்குள்ளிருந்து கத்தினாள் குமுதவல்லி. பக்கத்துக் கொட்டடிகளும் சேர்ந்து கத்தின.

"யாரது?" என்றார் மன்னர்.

"யாரும் இல்லை, மன்னா."

"கண்தானய்யா போச்சு, காது இருக்கு! அவளைக் கூட்டி வா!"

குமுதவல்லி வந்தாள், துளையிட்டாள், நீரை வடித்தாள். பார்வை மெல்லத் திரும்பியது. ஒரு மூட்டை ஒரு மூட்டையாகவே தெரிந்தது.

"களஞ்சியத்தைத் திறக்கச் சொல்லுங்க, மன்னா. பழையபடி முழுப்படி அளக்கட்டும்."

மன்னர் மகுடத்தைச் சரிசெய்துகொண்டார். "இரண்டு என்று சொன்னவன் நான். இப்போது ஒன்று என்றால் என் மரியாதை என்னாவது?"

குமுதவல்லி கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டாள். "நீரை வடிச்சிட்டேன். மிச்சமிருக்கிற தலைக்கனத்துக்கு என்கிட்ட மருந்தில்ல. வெளியில பசியோட நிக்கிறவங்ககிட்ட இருக்கு."

அடுத்த தேர்தலுக்கு மன்னர் வழக்கம்போலக் கண்ணாடி கேட்டார். தேவைப்படவில்லை. எதிரே குமுதவல்லி நின்றிருந்தாள்; அவளுக்குப் பின்னால் ஊரே நின்றது. "எத்தனை பேர், மன்னா?" என்று மந்திரி கேட்டார். மன்னர் முதல்முறையாக ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கினார்.