பக்கத்து இருக்கையின் பெல்ட்

மனித உயிர்களைக் காப்பதற்கென்றே சிலர் பிறவி எடுக்கிறார்கள். தற்பெருமை எனக்குப் பிடிக்காது. ஆகவே அவர்களில் ஒருவன் நான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். குழாய் செய்யும் தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளாகப் பாதுகாப்பு அதிகாரி. எங்கள் வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்றொரு பலகை உண்டு. தினமும் காலையில் அதில் ஒன்றைக் கூட்டுவது என் தலையாய பணி. போன மாதம் ஒரு தொழிலாளிக்குக் கட்டை விரல் நசுங்கியது. அது சாப்பாட்டு நேரத்தில் நடந்ததால் விபத்து அல்ல, 'தனிப்பட்ட நிகழ்வு' என்று நிரூபித்தேன். மேலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கட்டை விரல்காரரால்தான் குலுக்க முடியவில்லை.

இப்பேர்ப்பட்டவனின் சொந்தக் காரிலேயே ஒரு பிரச்சினை முளைத்தது.

"ஏங்க, இந்த பெல்ட் உள்ள போகவே மாட்டேங்குது" என்றாள் மனைவி.

அவள் உட்காரும் பக்கத்து பெல்ட். கழற்றி விட்டால் பாதி தூரம் போய் யோசித்து நின்றுவிடும். மீதி வெளியே தொங்கும். கதவைச் சாத்தினால் நடுவில் மாட்டிக்கொள்ளும். போட்டிருக்கும்போதும் உடம்பை ஒட்டாமல் தொளதொளவென்று கிடக்கும்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா சொல்லிட்டுத்தானே இருக்கேன்!"

"எழுத்துல கொடுத்தியா?"

அவள் பார்த்த பார்வையையே எழுத்தாக ஏற்றுக்கொண்டு, போர்க்கால அடிப்படையில் இறங்கினேன். அதாவது, அடுத்த மாதம் ஒரு குழு அமைத்தேன். தலைவர் நான். உறுப்பினர், மனைவியின் தம்பி. அவனிடம் கார் கிடையாது, ஆகவே நடுநிலையாளன். கூட்டம் காருக்குள்ளேயே கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நடந்தது.

"ஸ்ப்ரிங் டைட்டா இருக்கு மாமா. எண்ணெய் விட்டா எல்லாம் சரியாப் போயிடும்."

"என்ன எண்ணெய்?"

"தையல் மிஷின் எண்ணெய்."

"அது ஏன்?"

"அதுதான் வீட்ல இருக்கு."

இதைவிடத் தெளிவான தொழில்நுட்பக் காரணத்தை நான் கேட்டதில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பெல்ட் சுருண்டு போகும் ஓட்டைக்குள் அரைப் புட்டி எண்ணெயை விட்டோம்.

மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டுதான் கிளம்புவாள். மறுநாள் கடை வாசலில் இறங்கியபோது அந்தக் கோட்டில் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு கறுப்புப் பட்டை. பெல்ட் போட்டதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி எந்தப் போலீஸ்காரருக்கும் கிடைக்காது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கோட்டைக் கழற்றி என் மடியில் எறிந்துவிட்டுக் கடைக்குள் போனாள். எண்ணெயில் தூசி ஒட்டி, பெல்ட் இன்னும் சோம்பேறியாகிவிட்டது.

அதனால் இரண்டாம் கட்ட நடவடிக்கை. துணி காயப்போடும் கிளிப் ஒன்றை எடுத்தேன். தொளதொளவென்று இருந்த பெல்ட்டில் ஒரு முழத்தை மடித்து, அவள் தோளருகே கிளிப் போட்டேன். தொங்கவும் இல்லை, கதவில் மாட்டவும் இல்லை. பார்ப்பதற்கு விறைப்பாக இருந்தது. பாதுகாப்புத் துறையில் பார்ப்பதற்கு இருப்பதுதான் முக்கியம். கோப்பை மூடிவிட்டேன்.

"இது தாங்குமாங்க?" என்றாள்.

"நான் யாருன்னு நெனச்சே?" என்றேன்.

கிளிப் ஐந்து மாதம் பணியாற்றியது. போன செவ்வாய்க்கிழமை ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். பிரேக்கை ஓங்கி மிதித்தேன். என் பெல்ட் என்னை இருக்கையோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் கிளிப் பட்டென்று தெறித்தது. மடித்து வைத்திருந்த ஒரு முழமும் விடுதலையாக, அவள் நெற்றி எதிரே டாஷ்போர்டில் மோதியது.

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். ரத்தம் இல்லை.

"ஒண்ணுமில்லம்மா, லேசான தொடுகைதான்" என்றது என் வாய், பழக்க தோஷத்தில்.

"ஏன், இது சாப்பாட்டு நேரமா?" என்றாள்.

அடுத்த சந்திலேயே எங்கள் மெக்கானிக்கின் பட்டறை. அவர் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தார். விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

"இதுல யாரு சார் எண்ணெய் விட்டது?"

"ஒரு குழு" என்றேன்.

"நல்ல குழு! இதுக்கு எண்ணெயே ஆகாது சார். வெறும் அழுக்குதான். முழுசா இழுத்து வெச்சு, சோப்புத் தண்ணில துடைச்சு, தோள்கிட்ட இருக்கிற வளையத்தையும் துடைச்சுட்டு, ராத்திரி பூரா காய விட்டா சர்ருனு உள்ள போயிருக்கும். நாளைக்குக் கழுவிப் பாக்கிறேன். அப்பவும் சரியா வரலன்னா மொத்தமா மாத்திடணும்."

"இவ்வளவுதானா?" என்று மனைவி கேட்டாள்.

"இவ்வளவுதாம்மா. சாருக்கே தெரியுமே! போன வருஷம் அவரோட டிரைவர் சீட்டு பெல்ட் இப்படித்தான் மெதுவாப் போச்சு. அன்னிக்கே லீவு போட்டுட்டு ஓடி வந்தாரே, கூடவே நின்னு கழுவினாரே!"

"லீவு போட்டா?" என்றாள்.

"அரை நாள்தான்" என்றேன்.

மெக்கானிக் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "நாளைக்குக் காலைல வண்டியைக் கொண்டாந்து விட்டுடுங்க" என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த காருக்கடியில் புகுந்துகொண்டார்.

அவள் கையை நீட்டினாள். "சாவி."

கொடுத்தேன். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தாள். அது வழுக்கிக்கொண்டு வந்து கச்சிதமாக மாட்டிக்கொண்டது. "ம், ஏறுங்க" என்றாள்.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. பெல்ட்டைப் போட்டேன். அது என் தொப்பைமேல் நனைந்த துண்டு மாதிரி கிடந்தது. இழுத்து விட்டேன், அசையவில்லை. எதிரே டாஷ்போர்டு ரொம்பக் கிட்டத்தில் இருந்தது. அவள் சாவியைத் திருகினாள். எனக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது.

"ஏம்மா... நான் பின் சீட்டுக்குப் போயிடறேனே. இங்க உக்காந்துட்டுப் போறது ரொம்ப ஆபத்தும்மா."

"ஆபத்தா? எட்டு மாசமா நான் உக்காந்தப்போ இது என்ன, சோபாவா?"

இருபது ஆண்டுகளாக நான் உயிரைக் காப்பாற்றி வருகிறேன் என்பதில் துளியும் பொய் கிடையாது. ஒரே உயிரைத்தான் காப்பாற்றி வந்திருக்கிறேன்.