நான் முடித்துவைத்த பாட்டு

மேடை என்று ஒன்றைக் கண்டால் ஏறாமல் இருக்க என்னால் முடியாது. இது வியாதி என்று என் மனைவி ஸ்டெல்லா சொல்வாள். சேவை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரேசர் டவுனில் எங்கள் சபையின் தமிழ் வாலிபர் சங்கத்துக்குப் பதினோரு வருடம் செயலாளராக இருந்தவன் நான் (வாலிபம் போய்விட்டது, பதவி போகவில்லை). என் காலத்தில் சால்வை வாங்காமல் எங்கள் மேடையை விட்டு யாரும் இறங்கியது கிடையாது. மைக் சரிசெய்ய ஏறிய எலக்ட்ரீஷியனுக்குக்கூடப் போர்த்தி அனுப்பியிருக்கிறேன்.

ஸ்டெல்லாவுக்கு ஒரு தங்கை, ஷீபா. ஹெப்பகோடிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, மனசெல்லாம் பாட்டு. சர்ச் பாடகர் குழுவில் ஆரம்பித்தவள் எப்படியோ சோல் என்கிற மேல்நாட்டுப் பாட்டுப் பக்கம் போய்விட்டாள்.

"சோல்னா என்னம்மா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மனசுல இருக்கறத அப்படியே தொண்டைல கொண்டு வர்றது மாமா."

"நம்ம சர்ச்சுல சாட்சி சொல்ற மாதிரியா?"

"கிட்டத்தட்ட" என்றாள். அதோடு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

தொம்மலூரில் மூன்றாவது மாடியில் ஒரு ஜாஸ் கிளப். ஆறு மாதம் நடையாய் நடந்து அங்கே ஒரு ஞாயிறு சாயங்காலம் பாட இடம் வாங்கியிருந்தாள். அன்றைக்கு நன்றாகப் போனால் ஞாயிறுதோறும் அவளுக்கே மேடை என்று முதலாளி சொல்லியிருந்தார். அவள் வாழ்க்கையில் அவ்வளவு ஆசைப்பட்டு வேறெதையும் கேட்டதில்லை.

முந்தின நாளே போன் செய்தாள். "மாமா, நீங்க வர்றது சந்தோஷம். ஆனா சும்மா உக்காந்து கேளுங்க. நான் பாடி முடிக்கிற வரைக்கும் ஒண்ணும் பண்ண வேணாம், ப்ளீஸ்."

பாடி முடிக்கிற வரைக்கும்தானே? தாராளமாக. முடித்த பிறகு ஆகவேண்டியதற்காக, சிவாஜிநகரில் அகல ஜரிகை போட்ட ஊதா சால்வை ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

கிளப் இருட்டாக இருந்தது. யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. நான் முன் மேஜையில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். ஷீபா பாடினாள். எங்கள் வீட்டில் சாம்பாருக்கு உப்புப் பார்த்துச் சொல்லும் பெண்ணா இவள் என்று இருந்தது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கூட்டம் விசிலடித்தது. நான் அசையவில்லை. (சொன்ன சொல் காப்பாற்றுகிறேனாம்.)

கடைசிப் பாட்டு அவளே எழுதியது, இறந்துபோன என் மாமனாரைப் பற்றியது. மெதுவாக ஆரம்பித்து ஏறி ஏறி உச்சிக்குப் போனது. திடீரென்று டிரம்ஸ், கிட்டார், பியானோ எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. ஷீபா கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டாள்.

எங்கள் மேடையில் ஒருவர் தலையைக் குனிந்து நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சால்வைக்குத் தோள் கொடுக்கிறார்.

நான் எழுந்தேன். ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்தாள், நழுவிவிட்டது. பிளாஸ்டிக் உறையைப் பிரித்த சத்தம் அந்த நிசப்தத்தில் கடைசி மேஜை வரை கேட்டிருக்கும். இரண்டே எட்டில் மேடையேறி, சால்வையை விரித்து, ஷீபாவின் தோளில் போர்த்தினேன். ஜரிகை நுனி மைக் ஸ்டாண்டில் மாட்டி 'டொம்' என்று ஒரு சத்தம்.

ஷீபா கண்ணைத் திறந்தாள். "மாமா, இன்னும் முடியல" என்று கிசுகிசுத்தாள். ஸ்பீக்கர் அதை எல்லோருக்கும் சொன்னது.

அப்போதாவது இறங்கியிருக்கலாம். நான் மைக்கை வாங்கி, "கவலைப்படாதேம்மா, நான் முடிச்சு வைக்கிறேன்" என்றேன்.

முடித்துவைத்தேன். "இந்த இனிய மாலைப்பொழுதிலே" என்று தொடங்கி, ஷீபாவுக்குச் சின்ன வயதில் வந்த கக்குவான் இருமல், பத்தாம் வகுப்புக் கணக்கை இரண்டாம் முறை எழுதிப் பாஸ் செய்தது எல்லாவற்றையும் சபைக்கு எடுத்துரைத்தேன். ஸ்டெல்லா கீழேயிருந்து இரண்டு கையையும் ஆட்டினாள். தன் பெயரை விட்டுவிட்டேன் என்கிறாள் போலும் என்று அவளுக்கும் நன்றி சொன்னேன். டிரம்ஸ்காரர் பின்னாலிருந்து, "சார், கூத்கொள்ளி சார்" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லிக் கெஞ்சினார். அவருக்குச் சால்வை இல்லாத மனக்குறை என்று எடுத்துக்கொண்டு, வாத்தியக் கலைஞர்களிடம் மைக்கிலேயே மன்னிப்புக் கேட்டேன். கூட்டம் சிரித்தது. நாலைந்து பேர் வீடியோ எடுத்தார்கள். பேச்சு எடுபடுகிறது என்று நினைத்தேன்.

ஷீபா அந்தப் பாட்டை மறுபடி எடுக்கவில்லை. முதலாளி வந்து, "வெரி டச்சிங். லெட் அஸ் ஸீ" என்று என் கையைக் குலுக்கினார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து போனே வரவில்லை. சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் நான் எழுதிய மன்னிப்புக் கடிதத்துக்கும் பதில் இல்லை.

அன்று திரும்பும்போது காரில் ஷீபா சால்வையை மடியில் வைத்து மடித்துக்கொண்டே வந்தாள். உல்சூர் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அந்த எடத்துல நாலு எண்ணணும் மாமா. அப்புறம் அப்பாவுக்கு ஒரு வரி. அத அழாம பாடணும்னுதான் ஆறு மாசமா அந்த நாலையும் எண்ணிப் பழகினேன்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இன்றைக்கும் பல் துலக்கும்போது அது நினைவுக்கு வந்து கண்ணாடியைப் பார்க்கக் கூசுகிறேன்.

ஷீபாவுக்கு வேறொரு இடத்தில் மேடை கிடைக்க ஒரு வருடம் ஆயிற்று. இப்போது நன்றாகவே போகிறது. என்னையும் கூப்பிடுகிறாள், நானும் வெறுங்கையோடு போகிறேன். ஆனால் நான் போகிற நாளில் அந்தப் பாட்டு மட்டும் இருப்பதில்லை. மன்னித்துவிட்டாள், சந்தேகமில்லை, ரிஸ்க் எடுக்கத்தான் மாட்டாள்.

ஆக, என் மாமனாரைப் பற்றிய அந்த வரியைக் குடும்பத்தில் என்னைத் தவிர எல்லோரும் கேட்டாகிவிட்டது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு உட்கார்ந்தால் யாராவது அந்தப் பேச்சை எடுப்பார்கள். "அப்படி என்னதான் வரி அது, யாராவது சொல்லுங்களேன்" என்று நானும் வருடாவருடம் கேட்கிறேன்.

"நாலு எண்ணுங்க, சொல்றேன்" என்பாள் ஸ்டெல்லா.

எண்ணுவேன். மேஜை முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்கும். நான் நாலு என்றதும் அவள் எழுந்து, பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி எடுத்துவரப் போய்விடுவாள்.