பக்கத்து சீட் கோபம்

"கிளட்ச்... கிளட்ச்மா," என்றார் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், பல்லைக் கடித்துக்கொண்டு.

புது மாணவி பிரேக்கை மிதித்தார். கார் குலுங்கி நின்றது. ஐந்து நிமிடத்தில் மூன்றாவது தடவை.

வாத்தியாருக்கு மூக்கின் மேல் கோபம். போன மாதம் மட்டும் அவர் கத்தல் தாங்காமல் நாலு பேர் பாதியிலேயே ஓடிவிட்டார்கள். "கவுன்சிலிங் போங்க. இன்னொரு புகார் வந்தா உங்களுக்கு வேலை இல்லை," என்று முதலாளி சொல்லிவிட்டார். வாத்தியாரும் வைராக்கியமாக நாலு வாரம் போனார். ஆலோசகர் சொன்ன மூன்று வழிகளும் அவருக்கு மனப்பாடம். தலையே போனாலும் இன்று கத்தப்போவதில்லை.

முதல் வழி, பத்து வரை எண்ணுவது.

"ஒண்ணு... ரெண்டு..."

"சரிங்க சார்," என்று மாணவி வண்டியைக் கிளப்பி இரண்டாவது கியருக்குப் போனார். "மூணு" என்றதும் மூன்று. "நாலு" என்பதற்குள் ஆஸ்பத்திரி மதில் நேரே வந்துகொண்டிருந்தது. ஐந்து சொல்ல வாத்தியாருக்குத் துணிவில்லை; உதடு அசைந்ததோடு சரி. தன் பக்கத்து பிரேக்கில் ஏறி நின்றார்.

மறுபடி புறப்பட்டார்கள். இரண்டாவது வழி, கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுவது.

"சார், தூங்கிட்டீங்களா?" என்று மாணவி அவர் பக்கம் திரும்பினார். ஸ்டியரிங்கும் கூடவே திரும்பியது. நடைபாதைக் குப்பைத்தொட்டி உருண்டது, கார் நின்றது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவது. வாத்தியார் கதவைத் திறந்து இறங்கி விறுவிறுவென்று நடந்தார்.

"தனியா ஓட்டிப் பார்க்கணுமா சார்? சரி."

கார் அவரைத் தாண்டிப் போனது.

வாத்தியார் துரத்தினார். இரண்டு தெரு, ஒரு சந்து. ஒரு செருப்பு சந்திலேயே தங்கிவிட்டது. ஸ்கூலுக்கு வந்து சேர்ந்தபோது கார் வாசலில் ஒழுங்காக நின்றிருந்தது. அப்போதும் அவர் கத்தவில்லை. கத்த மூச்சு இல்லை என்பது வேறு விஷயம்.

மாணவி கிளம்பிப் போயிருந்தார். முதலாளியின் மேஜையில் புகார்ப் புத்தகம் திறந்து கிடந்தது. வாத்தியார் ஒற்றைச் செருப்போடு அவர் முன்னால் போய் நின்றார்.

"சத்தியமா நான் கத்தலை சார்."

"கத்தினீங்கன்னு எழுதலையே," என்ற முதலாளி நிதானமாகப் படித்தார். "'சார் தங்கமானவர். ஆனா வண்டி வேகம் எடுத்தா உதடு நடுங்குது. கண்ணை இறுக்கி மூடிக்கிறார். கடைசியில இறங்கியே ஓடிட்டார். பாவம், அவரைத் திட்டாதீங்க.'"

முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வாத்தியாரைப் பார்த்தார்.

"ஏங்க, இத்தனை வருஷமா நீங்க கத்தினதெல்லாம் பயத்துலயா?"