புல்லெண்ணெயும் மூன்று பதவிகளும்

உலகத்துத் துறைமுகங்களைக் கப்பல்கள் காத்ததுண்டு, பீரங்கிகள் காத்ததுண்டு. ஆனால் ஓர் எண்ணெய்ப் போத்தலிடமிருந்து பொதுமக்களைக் காத்த பெருமை திருகோணமலைக்கே உரியது. 1943ஆம் ஆண்டில் அந்தப் பெருமையை எங்களுக்குத் தேடித்தந்தவர் உயர்திரு கனகசபை அவர்கள்.

அன்னார் மூன்று பதவிகளை வகித்தார். மலேரியா ஒழிப்புச் சபையின் காரியதரிசியாக, நுளம்பை விரட்டப் பொழுதுபட்டதும் வீடுதோறும் புல்லெண்ணெய் என்ற வாசனைத் தைலத்தைத் தண்ணீரில் விட்டு, விளக்கின் மேல் வைத்து ஆவியாக்க வேண்டுமென்று கட்டளையிட்டார். அடைபட்ட ஆவி மூச்சை முட்டவைக்கும் அல்லவா? ஆகவே வாசனை எண்ணெய்ப் பாதுகாப்புச் சபையின் தலைவராக, அந்நேரம் சன்னல்களைத் திறந்துவைக்கக் கட்டளையிட்டார். வெளிச்சத்தை ஜப்பான் விமானம் கண்டுவிடும் அல்லவா? ஆகவே இருட்டடிப்புச் சபையின் வார்டனாக, விளக்கு எரியும் வீட்டில் சன்னல்களை இறுகச் சாத்தக் கட்டளையிட்டார். ஒரு சபையின் வேலையில் மற்றச் சபை தலையிட்டதே கிடையாது. அவ்வளவு ‘ஒழுங்கு’!

துறைமுகக் கூலி அபூதாஹிரின் மனைவி ஸாலிஹாவுக்குக் கைக்குழந்தை ஒன்று. ஒரு மாலை, சாத்திய அறைக்குள் புல்லெண்ணெய் ஆவி மண்டியதில் அது இருமி இருமிக் களைத்துப்போயிற்று. தகப்பன் வேலைக்குப் போயிருந்தான். தாய் சன்னலைத் திறந்தாள். உடனே வாசலில் விசில் கேட்டது. வார்டன் கனகசபை அவர்கள்!

“சன்னலைச் சாத்து பிள்ளை! வெளிச்சம் தெரியுது.”

“புள்ளைக்கு மூச்சு முட்டுது ஐயா. உதடெல்லாம் நீலமாப் போச்சு.”

“அப்பிடியெண்டால் திறந்துதான் வைக்கவேணும். எண்ணெய்ச் சபைச் சட்டம் அது. ஆனால் இப்ப நான் வார்டனாய் வந்தனான். சாத்து.”

“அப்ப விளக்க ஊதி நூத்துப்போடட்டா?”

“ஏலாது! மலேரியாச் சபைக் காரியதரிசியிட்டை அனுமதி எடுக்கவேணும்.”

“காரியதரிசி நீங்கதானே ஐயா!”

“ஓம். ஆனால் அவரைக் கந்தோரிலை, அலுவல் நேரத்திலைதான் சந்திக்கலாம்.”

“புள்ளையத் தூக்கிட்டு வெளியே வரட்டா?”

“இருட்டடிப்புச் சங்கு ஊதினாப்பிறகு வெளியிலை வாறது ஆபத்து. வேணுமெண்டால் எண்ணெய்ச் சபைக்கு முறைப்பாடு தா. தலைவரோடை நானே கதைக்கிறன்.”

இவ்வளவு பரிவோடு சொல்லிவிட்டு, கடற்காற்றை நன்றாக இழுத்து விட்டபடி அன்னார் வாசலை மறித்து நின்றார்.

உள்ளே இருமல் நின்றது. அழுகையும் நின்றது.

ஸாலிஹா சட்டத்தை மதிக்கத் தெரியாதவள். விளக்கை ஊதி அணைத்தாள். மூன்று பதவிகளையும் ஒரே தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, குழந்தையோடு கடற்கரைக்கு ஓடினாள். காற்றுப் பட்டுச் சற்றுநேரம் கழித்து அது வீரிட்டு அழுதது. “அல்லாஹ்வே!” என்று அவள் மணலிலேயே குந்திவிட்டாள். அயலில் இருந்த எங்களுக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

மறுவாரம் மூன்று சபைகளின் கூட்டுக் கூட்டம் நடந்தது. அதாவது, கனகசபை அவர்கள் தனியே ஒரு கதிரையில் அமர்ந்திருந்தார். சபைகளின் ‘துரித நடவடிக்கையால்’ ஒரு குழந்தை காப்பாற்றப்பட்டதாகவும், அதற்கு இடையூறு செய்த தாய் கண்டிக்கப்படுவதாகவும் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

சிலர் இன்னமும் அன்னாரைக் குறை சொல்கிறார்கள். நன்றிகெட்ட சனங்கள்! மூச்சுத் திணறிய ஓர் ஏழைக் குழந்தையின் வாசலுக்கு ஒரே சமயத்தில் மூன்று அதிகாரிகள் வந்து நின்றார்களே, வேறெந்த ஊரில் நடக்கும்? ஒரு மனிதன்தான் வரவில்லை.